ஸ்டார்ட் பட்டன் ஏன் போனது? விண்டோஸ் 8: ஒரு நிகழ்வு ஆய்வு

2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 8 இயங்குதளம் கடைக்கு வந்தது. 1995 ஆகஸ்டிலிருந்து திரையின் இடது கீழ்மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் அதில் இல்லை. ஓராண்டுக்குள் பட்டன் திரும்பி வந்தது. மூன்றாண்டுக்குள், பட்டனை அழுத்தினால் செயலிகளைப் பட்டியலிடும் ஸ்டார்ட் மெனுவும் வந்துவிட்டது. இந்த இடைவெளியில் விண்டோஸ் பிரிவின் தலைவர் வெளியேறினார், நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மாறினார், ஒரு டேப்லெட்டின் விற்காத சரக்குக்காக 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது.

இதை ரசனை கெட்ட வடிவமைப்பு என்று பலரும் கடந்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. இந்த வேலையைச் செய்தவர்கள் திறமைசாலிகள், கையில் தரவு வைத்திருந்தவர்கள், முந்தைய விண்டோஸ் 7-ஐ நல்ல பெயரோடு வெளியிட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஏன் இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். என் கணிப்பில் இது விண்டோஸ் என்ற ஆதிக்கப் பொருளைக் காப்பாற்ற எடுத்த வணிக முடிவு. பயனர் கண்ணுக்கு அது இடைமுக மாற்றமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆட்களின் பெயர்களைத் தவிர்த்து, பொறுப்பை மட்டும் குறிப்பிடுகிறேன். அந்த நாற்காலிகளில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் நெருக்கடி இதேதான்.

பின்னணி: காக்க வேண்டியது என்ன

விண்டோஸின் பலம் அதன் திரையிலோ வேகத்திலோ இருந்ததைவிட, அதில் ஓடும் மென்பொருள்களின் எண்ணிக்கையில்தான் அதிகம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் மீதான அமெரிக்க அரசின் ஏகபோக வழக்கில், 1999 நவம்பர் 5 அன்று நீதிபதி வெளியிட்ட உண்மைக் கண்டறிதல்களில் இது விரிவாக விளக்கப்பட்டிருக்கிறது. மக்கள் விண்டோஸ் வாங்குவதற்குக் காரணம், தேவையான மென்பொருள் எல்லாம் அதில் இருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்கள் விண்டோஸுக்கு எழுதுவதற்குக் காரணம், மக்கள் அதில் இருக்கிறார்கள். புதிதாக வரும் இயங்குதளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தச் சுழலுக்குள் நுழைய முடியாது. செயலிகளே எழுப்பிய மதில் அது.

அந்த மதிலுக்குள் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்று விண்டோஸ், மற்றது வேர்ட், எக்செல் போன்றவை அடங்கிய ஆஃபீஸ் தொகுப்பு. ஆஃபீஸ் வேண்டும் என்பவர் விண்டோஸ் கணினி வாங்கினார். விண்டோஸ் கணினி வாங்கியவர் ஆஃபீஸும் வாங்கினார். கணினி தயாரிக்கும் நிறுவனங்கள் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் விண்டோஸ் லைசென்ஸ் பணம் கட்டின. 2011 ஜூலைக்குள் விண்டோஸ் 7 மட்டுமே 40 கோடி லைசென்ஸ் விற்றிருந்தது.

ஆனால் மதில் மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் மட்டுமே காவல். 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஐபேட் 499 டாலரில் விற்பனைக்கு வந்தபோது, ஐபோனுக்காக எழுதப்பட்ட செயலிகளில் பெரும்பாலானவை அதில் அப்படியே ஓடின. விண்டோஸைக் காத்த அதே மதில் இப்போது எதிர்ப்பக்கத்தில் எழும்பி, விண்டோஸ் வெளியே நின்றது. அதற்கு மேல், ஐபேட் விற்றால் தன் மேக் கணினிகளின் விற்பனை குறையுமே என்று ஆப்பிள் அதைத் தடுத்து வைக்கவில்லை. ஐபேடுக்கு மேக்கின் மெனுவும் மவுஸ் அம்பும் கொடுக்காமல், தொலைபேசியின் இயங்குதளத்தைக் கொடுத்துத் தனிப் பொருளாக விட்டார்கள்.

அதற்கு முன் இரண்டு முயற்சிகள்

டேப்லெட் என்ற எண்ணம் மைக்ரோசாஃப்டுக்குப் புதிதில்லை. 2002-லேயே பேனாவால் எழுதக்கூடிய டேப்லெட் கணினிகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பை வெளியிட்டார்கள். அது ஏன் ஓடவில்லை என்பதற்கு எடை, விலை, பேட்டரி என்று பல காரணங்கள் உண்டு. இன்னொரு காரணத்தை அந்த நிறுவனத்தின் முன்னாள் துணைத்தலைவர் ஒருவர் 2010 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் எழுதினார். ஆஃபீஸ் பிரிவுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவருக்குப் பேனா பிடிக்கவில்லை, விசைப்பலகைதான் பிடித்தது. டேப்லெட்டில் ஒழுங்காக வேலை செய்யும்படி ஆஃபீஸை மாற்றித்தர அவர் மறுத்துவிட்டார். அதனால் எக்செலில் ஒரு எண்ணை நிரப்ப வேண்டும் என்றால், கட்டத்தின் மேலேயே எழுத முடியாது. தனியாக ஒரு பெட்டி எழும்பும், அதில் எழுதினால் அது கட்டத்துக்குப் போய்ச்சேரும். மின்னஞ்சலில் ஒரு சொல்லைத் திருத்துவதற்கும் இதே வழிதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேனா கணினி என்று விற்கிறார்கள். அதில் அதிகம் பயன்படப்போகும் மென்பொருளுக்குள் பேனா நேராக எழுதவில்லை. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பொருள்கள்!

அந்தக் கட்டுரைக்கு நிறுவனம் பொதுவெளியில் பதில் சொன்னது. இவ்வளவு பேர் பயன்படுத்தும் பொருள்களைச் செய்யும் நிறுவனத்துக்கு, புதுமையின் வேகத்தைவிட அது எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதே முக்கியம் என்பது அதன் சாரம். பொய்யான வாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோடிக்கணக்கானோர் கையில் இருக்கும் பொருளில் அவசரப்பட்டுக் கைவைக்கக் கூடாதுதான். ஆனால் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சிறியதாகத் தொடங்கும் எந்தப் பொருளும் பிறந்த நாளிலேயே தோற்றுவிடும்.

இரண்டாவது முயற்சி அப்படித்தான் போனது. கூரியர் என்ற பெயரில், புத்தகம்போல மடியும் இரட்டைத் திரைக் கருவி ஒன்றை வேறொரு பிரிவு உருவாக்கிக்கொண்டிருந்தது. வடிவமைப்பாளர்கள், எழுதுபவர்கள், வரைபவர்கள் குறிப்பெடுப்பதற்கான கருவி அது. 2010 ஏப்ரலில், ஐபேட் விற்பனைக்கு வந்த அதே மாதத்தில், திட்டம் கைவிடப்பட்டது. மின்னஞ்சலை இதில் எப்படிக் கையாள்வீர்கள் என்று நிறுவனர் கேட்டதாகவும், மின்னஞ்சலுக்கு ஏற்கெனவே கணினியும் தொலைபேசியும் இருக்கின்றன என்ற பொருளில் குழுத்தலைவர் பதில் சொன்னதாகவும் 2011-இல் செய்தி வந்தது. விண்டோஸோடும் ஆஃபீஸோடும் பொருந்தவில்லை என்பதுதான் அந்தச் செய்தியின்படி முடிவுக்குக் காரணம். ஆஃபீஸின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் இல்லாத ஒரு கருவி அந்தக் கூரையின் கீழ் வாழ முடியவில்லை.

முடிவு எப்படி உருவானது

2010-க்குப் பின் மூன்று வழிகள் இருந்தன. புதிதாக வந்திருந்த விண்டோஸ் போன் இயங்குதளத்தை டேப்லெட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆப்பிள் செய்ததுபோல. பழைய விண்டோஸுக்கே கொஞ்சம் தொடுதிரை வசதியைச் சேர்த்து ஓட்டலாம், 2002-இல் செய்ததுபோல. இல்லையென்றால் விண்டோஸையே திருத்தி, மேசைக்கும் டேப்லெட்டுக்கும் ஒரே பொருளாக்கலாம்.

மூன்றாவதைத் தேர்ந்தார்கள். டேப்லெட்டும் ஒரு கணினிதான் என்று நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் அந்த ஆண்டுகளில் மேடைக்கு மேடை சொல்லிவந்தார்கள். டேப்லெட் கணினி என்றால் அதற்கு விண்டோஸ் வேண்டும், லைசென்ஸ் உண்டு, ஆஃபீஸ் ஓடும். தொலைபேசியின் அண்ணன் என்று ஒப்புக்கொண்டால் அந்த வருமானக் கணக்கு முழுவதும் ஆட்டம் காணும்.

2011 செப்டம்பரில் அனஹைம் நகரில் நடந்த மாநாட்டில் நிரலாளர்களுக்கு விண்டோஸ் 8 காட்டப்பட்டது. எந்தச் சமரசமும் இல்லாத அனுபவம் என்பது அப்போது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாக்கியம். விரலுக்கும் மவுஸுக்கும் ஒரே திரை, இரண்டிலும் குறை இருக்காது என்று உறுதி கொடுத்தார்கள். புதிய வகைச் செயலிகள் முழுத்திரையில் ஓடும், விண்டோஸ் ஸ்டோர் வழியாக மட்டுமே பொதுமக்களுக்குக் கிடைக்கும். விற்பனையில் 30 சதவீதம் நிறுவனத்துக்கு, ஒரு செயலியின் வருவாய் 25,000 டாலரைத் தாண்டினால் அதன்பின் 20 சதவீதம்.

இங்கேதான் சிக்கலின் மையம் இருக்கிறது. ஸ்டோர் காலியாக இருந்தது. செயலி இல்லாத டேப்லெட்டை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்க ஆளில்லாத டேப்லெட்டுக்கு யாரும் செயலி எழுத மாட்டார்கள். பத்தாண்டுக்கு முன் போட்டியாளர்களை வெளியே நிறுத்திய சுழல் இப்போது சொந்த நிறுவனத்தையே நிறுத்தியது. கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டு மேசைக்கணினிப் பயனர்கள். அந்தக் கோடிக்கணக்கானவர்கள் தினமும் புதிய முகப்புத் திரையைப் பார்த்தால், ஸ்டோரைத் திறந்தால், நிரலாளர்களிடம் போய், பாருங்கள் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

இது என் அனுமானம், நிறுவனம் இப்படி எழுதிவைக்கவில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்தால் வேறு விளக்கம் எனக்குப் பொருந்தவில்லை.

அந்த மாநாட்டில் கொடுத்த முன்னோட்டப் பதிப்பில் ஸ்டார்ட் பட்டன் இருந்தது. அழுத்தினால் மெனு வராது, ஓடுகள் பதித்த புதிய முகப்புத் திரை முழுவதுமாக வந்து நிற்கும். ஆனால் விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு மதிப்பை 1-லிருந்து 0-ஆக மாற்றினால் விண்டோஸ் 7-இன் பழைய மெனு அப்படியே திரும்பியது. பழைய மெனுவின் நிரல் உள்ளே உயிரோடுதான் இருந்தது. ஆர்வலர்கள் உடனே கண்டுபிடித்துப் பரப்பினார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று வந்த அடுத்த பொது முன்னோட்டத்தில் அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. பட்டனும் போயிருந்தது.

சொல்லப்பட்ட காரணம் தரவு. விண்டோஸ் 7-இல் மக்கள் செயலிகளைத் திரையின் அடியில் உள்ள டாஸ்க்பார் பட்டையில் பதித்துவைத்துக்கொள்கிறார்கள், ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்துவருகிறது என்று பயன்பாட்டுத் தரவைக் காட்டி 2011 அக்டோபரிலேயே விண்டோஸ் குழு விளக்கம் எழுதியது. தரவு பொய்யில்லை என்றே நம்புகிறேன். ஆனால் எத்தனை முறை திறந்தார்கள் என்று எண்ணும் தரவு, எதற்காகத் திறந்தார்கள் என்று சொல்லாது. தினமும் திறக்கும் நாலு செயலிகளுக்கு டாஸ்க்பார் போதும். என்றாவது ஒருநாள் தேவைப்படும் கருவியைத் தேடவும், வழி தெரியாமல் நிற்கும்போதும், கணினியை அணைக்கவும்தான் அந்த மூலைக்குப் போவார்கள். மெனு திறக்கும் எண்ணிக்கை குறைவதால் அதன் தேவை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வணிகம் ஏற்கெனவே ஒரு பதிலை விரும்பும்போது, அதற்கு ஒத்துவரும் தரவைக் கேள்வி கேட்க அறையில் ஆளிருக்காது. பெரிய நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும்.

பயனர்களிடம் கவனிக்கப்பட்டவை

விண்டோஸ் 8-இல் மவுஸ் வைத்துக் கணினியை அணைக்க என்ன செய்ய வேண்டும்? முன்பு ஸ்டார்ட், பிறகு ஷட் டவுன், இரண்டே கிளிக். இப்போது அம்பைத் திரையின் வலது மேல்மூலைக்கோ கீழ்மூலைக்கோ கொண்டுபோக வேண்டும். அங்கே எந்த அடையாளமும் இல்லை. கொஞ்சம் பொறுத்தால் ஓரத்தில் ஐந்து சின்னங்கள் மங்கலாகத் தெரியும். அம்பை ஓரத்திலிருந்து விலகாமல் இறக்கினால் அவை கறுப்புப் பட்டையாக உறுதிப்படும். அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். அம்பு கொஞ்சம் உள்பக்கம் விலகினால் சின்னங்கள் மறைந்துவிடும், மறுபடி மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விரலால் ஓரத்திலிருந்து இழுப்பவருக்கு இது சுகமான சைகை. மவுஸ்காரருக்கு இல்லை.

புகைப்படம் ஒன்றை டெஸ்க்டாப்பில் இரட்டைக் கிளிக் செய்தால், டெஸ்க்டாப்பே மறைந்து முழுத்திரையில் படம் விரியும். மூடுவதற்கு எக்ஸ் குறி கிடையாது. திரையின் உச்சியைப் பிடித்து அடிவரை இழுத்துவிட வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இரண்டு இருந்தன, ஒன்றில் திறந்த பக்கம் மற்றதில் தெரியாது. அமைப்புகளுக்கு இரண்டு இடங்கள்: புதிய பிசி செட்டிங்ஸ், பழைய கன்ட்ரோல் பேனல். எந்த அமைப்பு எங்கே என்பது தேடித்தான் தெரியும். எந்தச் சமரசமும் இல்லை என்ற வாக்குறுதி, நடைமுறையில் இரண்டு கணினிகளை ஒரே திரையில் ஒட்டிவைத்ததாக முடிந்தது.

எனக்கு இதில் அதிகம் உறுத்துவது சர்வர். பிற கணினிகளுக்குச் சேவை தரும் சர்வர் கணினிகளுக்கென்று 2012 செப்டம்பரில் வந்த விண்டோஸ் சர்வர் 2012-க்கும் இதே முகப்புத் திரை, இதே மறைமூலைகள். சர்வரைத் தொடுதிரையில் யார் நிர்வகிக்கிறார்கள்? நிர்வாகிகள் தங்கள் கணினியில் ஒரு சிறு ஜன்னலாகத் தொலைநிலை இணைப்பைத் திறந்துதான் வேலை பார்ப்பார்கள். அந்த ஜன்னலின் மூலையைக் குறிவைத்து அம்பை நகர்த்தினால், அது ஜன்னலைத் தாண்டிச் சொந்த டெஸ்க்டாப்பில் போய் நிற்கும். மூலையில் அம்பு முட்டி நிற்கும் என்ற அனுமானத்தின்மேல் கட்டிய இடைமுகம், முட்டுவதற்குச் சுவரே இல்லாத இடத்தில் வைக்கப்பட்டது. பயனரின் தேவையிலிருந்து கிளம்பிய மாற்றமாக இருந்திருந்தால் சர்வருக்கு இது வந்திருக்கவே வந்திருக்காது.

எச்சரிக்கைகள் முன்கூட்டியே கிடைத்தன. 2012 மார்ச்சில் ஒருவர் தன் தந்தையை முன்னோட்டப் பதிப்பின் முன் உட்காரவைத்து, எதுவும் சொல்லித்தராமல் படமெடுத்து வெளியிட்டார். தந்தை டெஸ்க்டாப்புக்குள் போய்விட்டார், முகப்புத் திரைக்குத் திரும்பத் தெரியவில்லை. தன்னை மேக் பக்கம் துரத்தப் பார்க்கிறார்களா என்று கேட்டார். அந்தக் காணொளியை ஏராளமானோர் பார்த்தார்கள். நிறுவனத்தின் பதில் நடவடிக்கை, நிறுவும்போது ஒரு குறும்படம் காட்டுவதாக இருந்தது: மவுஸை ஏதாவது ஒரு மூலைக்கு நகர்த்துங்கள் என்று. வெளியீட்டுக்குப் பிறகு, 2012 நவம்பரில், பயன்பாட்டு எளிமையை ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் அனுபவமுள்ள 12 பயனர்களை வைத்துச் சோதித்து, புதியவர்களுக்கும் கைதேர்ந்தவர்களுக்கும் இது ஏமாற்றமே என்று எழுதியது. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இந்த அளவு வெளிப்படையான சிக்கலுக்கு அவ்வளவு பேர் போதும்.

டேப்லெட் பக்கம் நடந்தது

யாருக்காக மேசைக்காரர்கள் இந்தச் சிரமத்தைச் சுமந்தார்களோ அந்த டேப்லெட்டைப் பார்ப்போம். அதே அக்டோபர் 26 அன்று மைக்ரோசாஃப்டின் சொந்த டேப்லெட்டான சர்ஃபேஸ் ஆர்டி வந்தது. விலை 499 டாலர், விசைப்பலகை அட்டை தனி. உள்ளே இருந்தது வழக்கமான கணினிச் சில்லு இல்லை, தொலைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சில்லு என்பதால் பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. பெயர் விண்டோஸ், ஆனால் விண்டோஸை விண்டோஸ் ஆக்கிய மென்பொருள் குவியல் அதில் இல்லை.

ஒரு விதிவிலக்கு இருந்தது. வேர்ட், எக்செல், பவர்பாயின்ட், ஒன்நோட் இலவசமாக உள்ளே வந்தன. அவையும் தொடுதிரைக்காகப் புதிதாக எழுதப்பட்டவை இல்லை, மேசைக்கணினி வடிவம்தான். விரலுக்காகப் பட்டன்களைக் கொஞ்சம் தள்ளித்தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவே. தொடுதிரைக்காகவே செய்யப்பட்ட டேப்லெட்டில் பழைய டெஸ்க்டாப் தங்கியிருந்ததற்கு ஆஃபீஸ் ஒரு முக்கியக் காரணம். 2002-இல் பேனாவுக்கு நடந்தது 2012-இல் விரலுக்கு நடந்தது. முகப்புத் திரையை மாற்ற முடிந்தவர்களால், ஆஃபீஸைச் சேர்த்து நகர்த்த முடியவில்லை.

விளைவுகள்

விற்பனை எண்ணிக்கை மோசம் என்று சொல்ல முடியாது. முதல் மாதத்தில் 4 கோடி லைசென்ஸ், 2013 மே மாதத்துக்குள் 10 கோடி. புதுக் கணினி வாங்கினால் அதில் விண்டோஸ் 8 வரும், எனவே இந்த எண் விருப்பத்தைக் காட்டவில்லை. ஆதிக்கப் பொருள்களின் விற்பனை எண் எப்போதும் இப்படித்தான் ஆறுதல் சொல்லும்.

2012 நவம்பர் 12 அன்று விண்டோஸ் பிரிவின் தலைவர் விலகினார். 2013 ஏப்ரலில் ஐடிசி ஆய்வு நிறுவனம், ஆண்டின் முதல் காலாண்டில் உலகக் கணினி விற்பனை முந்தைய ஆண்டைவிட 13.9 சதவீதம் விழுந்ததாக அறிவித்தது. 1994-இல் அவர்கள் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுதான் மோசமான சரிவு. விண்டோஸ் 8 சந்தைக்கு ஊக்கம் தரவில்லை, வேகத்தைக் குறைத்தேவிட்டது என்பது அவர்கள் கருத்து. என்னைக் கேட்டால் பழி முழுவதையும் அதன்மேல் போடுவது நியாயமில்லை, டேப்லெட்டுகளே கணினிப் பணத்தைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. ஜூலையில் சர்ஃபேஸ் ஆர்டி சரக்குக்காக 90 கோடி டாலர் கழிக்கப்பட்டது. ஆகஸ்டில் தலைமை நிர்வாகி ஓய்வை அறிவித்தார்.

பழைய மெனுவைத் திரும்பத் தரும் வெளியார் மென்பொருள்கள் நன்றாக ஓடின. கிளாசிக் ஷெல் இலவசம். ஸ்டார்ட்8-க்கு மக்கள் காசு கொடுத்தார்கள். பல அலுவலகங்கள் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு மாறி அங்கேயே நின்றுகொண்டன. ஸ்டோர் வழியாக மட்டுமே விற்பனை என்ற போக்கு, ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தைக் கலவரப்படுத்தியது. அதன் தலைவர் விண்டோஸ் 8-ஐப் பேரழிவு என்று 2012 ஜூலையிலேயே சொன்னார். 2013 பிப்ரவரியில் ஸ்டீம், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு வந்துவிட்டது. மதிலைக் காக்கப் போய், உள்ளே இருந்தவர்களையே வெளியே வழி தேட வைத்தார்கள்.

இதற்கிடையில் விண்டோஸ் 8-இல் இருந்த நல்லவை யார் கண்ணிலும் படவில்லை. கணினி வேகமாகத் திறந்தது. டாஸ்க் மேனேஜர் முழுவதும் புதிதாகி, எந்தச் செயலி எதைத் தின்கிறது என்று தெளிவாகக் காட்டியது. கோப்பு நகலெடுக்கும்போது வேகத்தை வரைபடமாகப் பார்க்கவும் நிறுத்தித் தொடரவும் முடிந்தது. இவற்றைச் செய்த பொறியாளர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பின்வாங்கிய படிகள்

2013 அக்டோபர் 17, விண்டோஸ் 8.1: பட்டன் வந்தது, அழுத்தினால் வருவது இன்னமும் முகப்புத் திரைதான். நேராக டெஸ்க்டாப்பில் தொடங்க ஒரு விருப்பம் கிடைத்தது. 2014 ஏப்ரல் 8, 8.1 அப்டேட்: முகப்புத் திரையில் பவர் பட்டன் கண்ணுக்குத் தெரியும்படி வந்தது, முழுத்திரைச் செயலிகளுக்கு மூடும் குறி வந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் நடந்த நிரலாளர் மாநாட்டில், மெனு திரும்பப்போகிறது என்று மேடையிலேயே காட்டினார்கள். 2015 ஜூலை 29, விண்டோஸ் 10: மெனு வந்தது, மூலைச் சின்னப்பட்டை போனது, டேப்லெட்டுக்கென்று தனி நிலை வந்தது. இடையில், 2014 அக்டோபரிலிருந்து, முடிக்காத பதிப்புகளையே பொதுமக்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கும் திட்டமும் தொடங்கியது.

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மட்டுமே விட்டுக்கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதலில் பட்டன் மட்டும், மெனு இல்லை. மக்கள் கேட்டது மெனுவை. முகப்புத் திரைக்கு ஆள் சேர்க்கும் திட்டம் உயிரோடு இருந்தவரை மெனு வரவில்லை.

இதே காலத்தின் மிகப் பெரிய மாற்றம் விண்டோஸுக்கு வெளியே நடந்தது. 2014 மார்ச் 27 அன்று, பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத புதிய தலைமை நிர்வாகி, ஐபேடுக்கான ஆஃபீஸை வெளியிட்டார். விரலுக்காகவே சீராக வடிவமைத்த வேர்டும் எக்செலும் பவர்பாயின்டும் போட்டியாளரின் கருவியில் முதலில் வந்தன. விண்டோஸ் டேப்லெட்டுக்கு அதுபோன்ற ஆஃபீஸ் 2015-இல்தான் கிடைத்தது. சர்ஃபேஸ் ஆர்டிக்கு ஆஃபீஸ்தான் பெரிய கவர்ச்சி என்றிருந்த காலத்தில், ஆஃபீஸை ஐபேடில் விடுவது விண்டோஸுக்குத் துரோகமாகத் தெரிந்திருக்கும். விட்ட பிறகு ஆஃபீஸும் சாகவில்லை, விண்டோஸும் சாகவில்லை.

என்ன மாற்றியிருக்கலாம்

ஆஃபீஸிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தொடுதிரை டேப்லெட்டுக்கு நிறுவனத்திடம் இருந்த உண்மையான ஈர்ப்பு அதுதான். விரலுக்கான ஆஃபீஸ் தயாராகும்வரை டேப்லெட் வெளியீட்டைத் தள்ளிவைத்திருந்தால்கூட, பாதி வெந்த இரண்டு பொருள்களுக்குப் பதில் முழுமையான ஒன்று கிடைத்திருக்கும். ஐபேட் ஏற்கெனவே இரண்டரை ஆண்டு முன்னால் போயிருந்த நிலையில், இன்னும் கொஞ்சம் தாமதத்தால் பெரிதாகக் கெட்டிருக்காது.

தொடுதிரை இருக்கிறதா இல்லையா என்பது கணினிக்கே தெரியும். தொடுதிரை இல்லாத கணினியில் டெஸ்க்டாப்பிலேயே தொடங்கும் இயல்புநிலையை 2014 அப்டேட்டில் கொடுத்தார்கள். அதை முதல் நாளே கொடுக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. சர்வருக்கு இந்த முகப்பைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். கூரியர் போன்ற முயற்சியைச் சிறிய பொருளாகச் சந்தையில் விட்டுப் பார்த்திருக்கலாம். அது அவுட்லுக்கைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல்.

மெனுவைப் பொறுத்தவரை, முன்னோட்டப் பதிப்பில் வேலை செய்த அந்த ரெஜிஸ்ட்ரி மதிப்பை அடைக்காமல், அமைப்புகளில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கலாம். புதிய முகப்பு இயல்பாக வரட்டும், பழையது வேண்டுபவர் மாற்றிக்கொள்ளட்டும். ஓராண்டு கழித்து எத்தனை பேர் பழைய மெனுவுக்கு மாறினார்கள், எத்தனை பேர் புதியதிலேயே தங்கினார்கள், தொடுதிரை உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று எண்ணியிருந்தால், அடுத்த பதிப்பில் மெனுவை எடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க, விண்டோஸ் 7-இல் எடுத்த கணக்கைவிட நம்பகமான கணக்கு அவர்கள் கையில் இருந்திருக்கும்.